மொட்டை போட மறுத்த கோல்கீப்பர்

முருகனடியார்களே, சென்ற ஆண்டு, 1958 ஆடி மாதத்தில் என் தம்பி சுந்தரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். அந்த வார ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். நான் மதுரையில் நர்ஸ் பயிற்சி முடித்து, எங்கள் ஊரிலேயே வேலையில் சேர்ந்த புதிது. எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். காலையில் வாந்தி. வெளிச்சம் பட்டால் கண்ணை மூடுகிறான். சொன்னதையே திரும்பக் கேட்கிறான். எங்கள் நாகல் நகரிலேயே பிறந்து வளர்ந்தவன், பக்கத்துக் கடைக்குப் போய் வழி தெரியாமல் நின்றிருக்கிறான்.

அம்மா கண்ணேறு என்றாள். அப்பா கள்ளச்சாராயமோ என்று அவன் வாயை முகர்ந்து பார்த்தார். நான் தலையில் அடிபட்டதா என்று கேட்டேன்.

"இல்லக்கா, வெயிலுதான்."

ஆடிக் காற்றில் என்ன வெயில்? அவனோடு ஆடும் பையன்களைத் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல "வெயிலுதான்க்கா" என்றார்கள். ஒருவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேப்டன் மாரிமுத்து மட்டும், "நர்ஸுக்குப் படிச்சாலும் படிச்சீக, தும்முனாக்கூட ஆஸ்பத்திரிங்கிறீக" என்று சிரித்தான்.

அடிபட்ட தலை ஆறுமுன் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் வர மறுக்கிறவனை என்ன செய்ய? சாமி படத்தின் முன் விழுந்து அழுதேன். "முருகா, இவர்கள் மறைப்பதை நீயே காட்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் காட்டு."

அன்று மாலையே அம்மா, கண்ணேறு கழியப் பழனியில் அவனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். மறுநாள் கிளம்பினோம். "மேட்ச் முடிஞ்சு போட்டுக்கிறேம்மா" என்று வழியெல்லாம் கெஞ்சினான். என் சந்தேகம் இன்னும் வளர்ந்தது.

தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்த நாவிதர் சட்டென்று கையை எடுத்தார்.

"ஏனுங்க, தம்பிக்கு இங்க பொம்முனு வீங்கியிருக்குதுங்க. எப்படிங்க கத்தி வெக்கறது?"

நான் விலக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால், அடர்ந்த முடிக்குள், எலுமிச்சை அளவு வீக்கம்.

அப்புறம்தான் சுந்தரம் உடைந்து அழுதான். கோல் கம்பத்தில் மோதி நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். முகத்தில் சோடா அடித்து எழுப்பி, மறுபடியும் ஆட விட்டிருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் இறுதி ஆட்டத்துக்கு விட மாட்டார்கள் என்று அணியே சூடம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறது. மீறினால் சாமி குத்தம் என்று அத்தனை பேருக்கும் பயம்.

"நான் சொல்லலைம்மா. அவரு கைதான் கண்டுபிடிச்சிருச்சு."

"அது முருகன் கைடா, கிறுக்கா" என்றாள் அம்மா.

நாவிதர் முன்பக்கம் கொஞ்சம் முடி மட்டும் பூமுடியாக எடுத்தார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளை அதிர்ந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டிருந்தால் பையன் மிஞ்சியிருக்க மாட்டான் என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்து வீட்டுக்கே வந்துவிட்டான். "அக்கா, ஒரு பாதி மட்டும் நிக்கட்டும்."

"காலையில என்ன சாப்பிட்டான்னு அவன்கிட்டயே கேளுப்பா" என்றேன்.

கேட்டான். சுந்தரம் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். மாரிமுத்து எழுந்து போனான்.

சில மாதங்களில் முருகன் அருளால் தம்பி முழுதாகத் தேறினான். இப்போது ஆட்டம் நடக்கும்போதெல்லாம் நான் மைதானத்தில் நிற்கிறேன். தலையில் அடிபட்டவன் யாராயிருந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும். கூப்பிடுவதற்கு முன்பே மாரிமுத்து அனுப்பிவைக்கிறான்.

உங்கள் பிள்ளை விளையாடிவிட்டு வந்து "ஒண்ணுமில்லை" என்றால், உடனே நம்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவிப் பாருங்கள். வாய் முருகனைக் கூப்பிடட்டும். உங்கள் கைக்கு அவன் வழி காட்டுவான்.