மேக்கணக்கு ஏற்றத்தில் மாரியம்மன்

கொட்டகலைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வீரய்யாவைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. தொழிலாளர் லயத்து வரிசைவீட்டில் பிறந்து, லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பெரிய துரையின் லேண்ட்ரோவருக்கே டிரைவராகிவிட்டவர். அம்மாடி, எவ்வளவு பெரிய உத்தியோகம்! ஆனால் ஒரு சேற்றுக்குழியைக் கண்டால் போதும், மனுஷன் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார். காலால் மிதித்துப் பார்ப்பார், குச்சியால் குத்திப் பார்ப்பார், சக்கரம் எங்கே பதிய வேண்டுமென்று நடந்தே பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களையும் இறக்கி நடக்க விடுவார். துரைசானியே ஒருமுறை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்திருக்கிறாள்.

"பேரு மட்டும் வீரய்யா! நம்ம வீட்டுக் கோழிக்கு இருக்குற தைரியம்கூட இல்ல" என்று சிரிப்பாள் அவர் மனைவி அழகம்மா.

"வண்டி உருண்டா அப்புறம் வீரத்த வச்சு என்னா செய்றது?" என்பார் அவர். கோபமே வராது. அந்த வேலையை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஐம்பத்தாறில், தோட்டத்தின் உச்சியிலிருந்த மேக்கணக்குப் பிரிவுச் சனங்கள் தங்கள் மாரியம்மனுக்குக் கல்லில் சிலை செய்து வரவழைத்தார்கள். அதுவரை தகரக் கூரைக்குக் கீழே நட்டுவைத்த வெறும் கல்தான் அம்மன். ரயிலில் வந்து இறங்கிய சிலையை மேலே கொண்டுபோகத் துரை லேண்ட்ரோவரைக் கொடுத்தார். மானாப்புல்லைப் பரப்பி, சாக்கைச் சுற்றி, வண்டிக்குள் படுக்கவைத்தார்கள். ஒரு சில்லுப் பெயர்ந்தாலும் போச்சு, பின்னப்பட்ட சிலை பூசைக்கு ஆகாது.

முந்தின நாள் மழையில் கடைசி ஏற்றம் ஒரே களியாகிக் கிடந்தது. வழக்கம்போல இறங்கி நடந்து பார்த்துவிட்டு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி சின்ன கியரைப் போட்டு ஏறினார். மேளதாளத்தோடு சனமெல்லாம் பின்னால் நடந்து வந்தது. பாதி ஏற்றத்தில் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. பின்பக்கம் மெல்லப் பள்ளத்தை நோக்கி ஒதுங்கியது. சட்டென்று பிரேக்கை மிதித்து நிறுத்தினார். இன்னும் முறுக்கினால் வண்டி குறுக்கே திரும்பிப் புரண்டுவிடும். ரிவர்ஸ் கியரைப் போட்டு, இஞ்சின் பிடியிலேயே நேராகப் பின்னால் இறங்குவது ஒன்றுதான் வழி.

"எல்லாரும் ஒதுங்குங்க! வண்டிய பின்னால எடுக்கப் போறேன்!"

மேளம் நின்றது. பூசாரி ஆண்டியப்பன் ஓடி வந்தார். "என்னா பேச்சு பேசுறீங்க! வீட்டுக்கு வர்ற ஆத்தாவ வந்த வழியே திருப்பி அனுப்புறதா? தோட்டம் வெளங்குமா?"

அவ்வளவுதான். "தாயே, மாரியாத்தா!" என்று கத்திக்கொண்டு ஆளாளுக்கு வண்டியின் பின்னால் தோள் கொடுத்துவிட்டார்கள். அழகம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். பக்திதான், யார் இல்லையென்றது? ஆனால் வண்டி வழுக்கினால் அத்தனை பேரும் சக்கரத்துக்குக் கீழே போயிருப்பார்கள். கோபமே வராத வீரய்யாவுக்கு அன்றைக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

"ஏ புள்ள அழகம்மா! ஒங்க மேல வண்டிய ஏத்திட்டு நான் யாரு மூஞ்சியில முழிக்கிறது? வெளிய வா!"

அந்தக் குரல் நடுங்கியதை அவள் கேட்டாள். தோளை எடுத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவர்களைப் பிடித்து இழுத்தாள். "ஒதுங்குங்க! அந்த மனுசன் சும்மா பயப்பட மாட்டாரு. ஆத்தாவுக்கு என்னா அவசரம், நமக்குத்தான் அவசரம்!"

"பழியெல்லாம் ஒன் தலையிலதான்" என்றார் பூசாரி அழகம்மாவிடம்.

"இருக்கட்டும் சாமி. தல இருந்தாத்தானே பழி!"

கூட்டம் இருபக்கக் கரைகளிலும் ஏறி நின்றது. வீரய்யா ரிவர்ஸைப் போட்டுக் கிளச்சை விட்டார், பிரேக்கிலிருந்தும் காலை எடுத்தார். திரும்ப மிதிக்கச் சொல்லிக் கால் துடித்தது. மிதித்தால் வழுக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, இஞ்சின் முனகமுனக, நடைவேகத்தில் இறங்கினார். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகச் சாக்கை விலக்கி அம்மனின் மூக்கையும் விரல்களையும் தடவிப் பார்த்தார். எல்லாம் முழுசாக இருந்தது. மனுஷன் அழுதேவிட்டார்.

பிறகு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாற்றுக் குச்சிகளை அள்ளிவந்து களியில் பரப்பினார்கள். இரண்டாம் தடவை வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது. பூசாரி மட்டும் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வருஷத் திருவிழாவில் தேர் அந்த ஏற்றத்துக்கு வந்தபோது, "நில்லுங்க" என்று கையை உயர்த்தியதும் அதே ஆண்டியப்பன்தான். "ஆத்தா மொதமொத வந்தப்ப இங்க பின்னால போயிட்டுத்தான் ஏறுனா. அதுதான் மொற."

இது அறுபத்து நாலாம் வருஷம். இடையில் ஒரு வருஷம் புதுப் பையன்கள் தேரை நேராக ஏற்றப் பார்த்து, "வழிவழியா வர்ற மொறய மாத்துறீங்களாடா?" என்று பூசாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பாதி ஏற்றத்தில் மேளம் நிற்கும். சனமெல்லாம் தானாகக் கரையேறும். தேர் மெல்லப் பின்வாங்கும்போது வீரய்யா கும்பிடுவதில்லை. அம்மனுக்குப் பின்னாலிருக்கும் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே ஒரு ஆளும் நிற்க மாட்டார்.