கீரிச் சேவலின் கழுத்து

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் சாக்குத் தைக்க உட்கார்ந்தவன், இன்று அதே தெருவில் அந்தக் கடையை விடப் பெரிய கடை வைத்திருக்கிறேன். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டமும் இருக்கிறது. எல்லாம் வாயைத் திறந்து கேட்டதால் வந்தது. வேலை கேட்டேன், கிடைத்தது. கடன் கேட்டேன், கிடைத்தது. பெண்ணைக் கூட நானே போய்த்தான் கேட்டேன்.

வியாபாரிகள் சங்கத்து மலருக்கு நம்ம ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது, என்னைப் பற்றியே எழுதலாம் என்றுதான் நினைத்தேன். செயலாளர் நெளிந்தார். சரி, கேட்கத் தெரியாத ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். ஜீப்பு ஓட்டுகிற முனியசாமி.

ராசிங்காபுரத்துக்காரன். விடிந்ததும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போடிமெட்டு வளைவுகளில் ஏறுவான், சாயங்காலம் அதே ஆட்களை இறக்குவான். அவன் பொண்டாட்டி பாண்டீஸ்வரியும் அதே ஜீப்பில்தான் ஏலக்காய் எடுக்க வருவாள். என் தோட்டத்தில்தான் வேலை. பிள்ளை கிடையாது. அந்த இடத்தில் ஒரு சேவல் இருந்தது.

சேவல்காரர்கள் நிறத்தைப் பார்த்துப் பேர் வைப்பார்கள். இவனுடையது கீரி. கழுத்து இறகு செம்பட்டையும் கறுப்பும் கலந்து, வெயில் பட்டால் எண்ணெய் தடவினது போல மின்னும். தேவாரம் ஊர்ப் பக்கம் காலில் கத்தி கட்டாமல் விடுகிற சண்டைகளில் அது கழுத்தைச் சிலுப்பி நின்றால் குடை விரித்த மாதிரி இருக்கும். எதிர்ச் சேவல் பாதி அதிலேயே திரும்பிவிடும். அவன் கையில் தவிர வேறு யார் கையிலும் தீனி எடுக்காது. ஜீப்பில் முன் சீட்டு அதற்கு. தோட்டத்துச் சூப்பர்வைசர் ஏறினால் கூடப் பின்னால்தான் உட்கார வேண்டும்.

என் நெஞ்சுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சும்மா இருப்பது எனக்குத் தெரியாத தொழில். அதனால் தோட்டத்துப் படுதாக்குளத்தில் மீன் விட்டுத் தூண்டில் போட ஆரம்பித்தேன். மலைச்சரிவில் குழி வெட்டி, படுதா விரித்துத் தண்ணீர் தேக்குகிறோமே, அதுதான். கூட்டாளி, சாக்கும் கயிறும் விற்கிற இப்ராஹிம். கடையின் ஒரு மூலையில் தூண்டில் முள்ளும் நரம்பும் வைத்திருப்பான். மீனை விட வாய்தான் அவனுக்கு அதிகம்.

பிறகு ஈஸ்வர் வந்தார். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்று, என் தோட்டத்துக்குப் பக்கத்தில் பங்களா வாங்கியவர். அவர் கொண்டு வந்ததுதான் ஈத்தூண்டில். ராடு நாலு துண்டாகக் குழாய்க்குள் இருக்கும். ஒன்றில் ஒன்றைச் செருகினால் ஆள் உயரத்துக்கு மேலே போகும், விரல் அசைந்தால் நுனி நடுங்கும். மண்புழு, மாவு எதுவும் கிடையாது. முள்ளின் மேல் கோழி இறகைச் சுற்றி நூலால் கட்டி ஈ மாதிரிச் செய்வார்கள். அதற்கு எடையே இல்லை. அதனால் கனமான மஞ்சள் கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்த வீச்சில் ஈயைத் தண்ணீரில் இறக்க வேண்டும்.

முதல் தடவை பார்த்த இப்ராஹிம், "அண்ணே, இது மீனு புடிக்கிறதா, மாடு பத்துறதா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்களும் கடைத்தெருவில் இன்னும் சிலரும் என் கடைக்குப் பின்னால் காய் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் கூடுவோம். குளம் மலைமேல் இருக்கிறது, தினமும் ஏற முடியுமா? களத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டியை வைத்து அதற்குள் ஈயை விழ வைத்துப் பழகுவோம். பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இறகு கட்டுவோம். பிடித்த மீனை விடப் பிடிக்காத மீனைப் பற்றித்தான் பேச்சு. வறுத்த கடலை என் செலவு.

ஈஸ்வரை மலையிலிருந்து கூட்டி வருவது முனியசாமி. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் ஈஸ்வரே ராடைக் கையில் கொடுத்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் எங்கள் எல்லாரையும் விட அவன் கயிறு நேராகப் போயிற்று. சட்டிக்குள் ஈ சத்தமில்லாமல் விழும். எனக்கு அது பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பிடித்தது என்றும் சொல்ல மாட்டேன். களம் என்னுடையது.

அவனுக்கு அந்த ராடு மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. ஈஸ்வரிடம் பழைய ராடு ஒன்று சும்மா கிடந்தது. அதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு ஞாயிறு ஜீப்பில் சேவலும் வந்தது. ஈஸ்வர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"முனியசாமி, இந்தக் கழுத்தை எனக்குக் கொடுங்க. அந்த ராடை எடுத்துக்கோங்க."

"கழுத்துதான சார்? தர்றேன் சார்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் அவன். "முதலாளி, நீங்க சாட்சி."

இங்கேதான் விஷயம். சேவல்காரர்கள் பேச்சில் கழுத்து என்றால் கழுத்து இறகு. இறகு உதிர்கிற காலத்தில் ஒருத்தனுக்கொருத்தன் "ஒரு கழுத்து கொண்டா" என்பான், கைப்பிடி இறகு கொடுப்பார்கள். ஈ கட்டுகிறவர்கள் பேச்சில் கழுத்து என்றால் கோழியை அறுத்து, கழுத்துத் தோலை இறகோடு உரித்துக் காயவைத்தது. எனக்கு இரண்டு பேச்சும் தெரியும். தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் அந்தக் களத்தில். இரண்டு பேர் பேரம் பேசும்போது மூன்றாவது ஆள் வாய் திறக்கக் கூடாது என்பது சாக்குத் தைத்த காலத்திலிருந்தே என் கொள்கை. தலையை ஆட்டினேன்.

ராடை அன்றைக்கே எடுத்துப் போனான். வளைவில் ஜீப்பை நிறுத்தி, ஆட்களை உட்கார வைத்துவிட்டு, ரோட்டோரப் பள்ளத்தில் கயிற்றை வீசுவானாம். பொம்பளைகள் சிரிப்பார்களாம். ஒரு நாள் அப்படி வீசிவிட்டு ராடை ஜீப்புக்குள் சாய்த்தான். மழை வருகிறது என்று பாண்டீஸ்வரி வெரசாகக் கதவை அடைத்தாள். நுனி வெளியே இருந்தது. முறிந்துவிட்டது.

முறிந்த நுனியைத் தோள்துண்டுக்குள் சுருட்டி இப்ராஹிம் கடைக்குக் கொண்டு போய், இதை ஒட்டப் பசை இருக்கா என்று கேட்டிருக்கிறான். இப்ராஹிமிடம் சொன்னால் போடிக்கே சொன்ன மாதிரி. ஈஸ்வருக்கு மட்டும் தெரியாது. அதை அவர் காதுக்குக் கொண்டு போகாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம். அதில்தானே ருசி.

அடுத்த ஞாயிறு முனியசாமி காய் சாம்பிள் போடுகிற பை நிறைய இறகோடு வந்தான். நீளம் வாரியாகப் பிரித்து, நூல் சுற்றி, அவ்வளவு சுத்தம். ஜீப்பில் கீரி கழுத்து சிவந்து, உரித்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இந்தாங்க சார், கழுத்து."

ஈஸ்வர் பையைப் பார்த்தார். எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். தட்டையாகக் காய்ந்த தோல், அதில் இறகு வரிசை வரிசையாக. ஏதோ வெளிநாட்டுச் சேவலுடையது.

"இதுதான் கழுத்து" என்றார்.

முனியசாமி அதை ஒரு விரலால் தொட்டான். "தோலோடயா சார்?"

"ஆமா."

"அப்ப சேவலு?"

"கொழம்புக்குப்பா! எங்க எல்லாருக்கும் சொல்லி அனுப்பு" என்றான் இப்ராஹிம். களமே சிரித்தது. நானும் சிரித்தேன், நெஞ்சு வலிக்கிற மட்டும்.

ஈஸ்வர் கோபப்படுகிற மனிதர் இல்லை. "தப்பாப் புரிஞ்சிருக்கு, பரவாயில்ல. வேணாம்னா ராடைத் திருப்பிக் கொடுத்திடுங்க. இல்லன்னா அவசரமில்ல, இறகு திரும்ப முளைக்கட்டும். நல்லாத் தீனி போடுங்க. முழுசா முளைச்சதும் கழுத்தைக் கொண்டு வாங்க."

முறிந்த ராடை எப்படித் திருப்பிக் கொடுப்பான்? அவன் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"எங் களத்துல நின்னு குடுத்த வார்த்தைடா" என்றேன். "சாட்சி வேற சொன்ன."

"தர்றேன் முதலாளி" என்றான்.

அதற்குப் பிறகு அந்தச் சேவலை அவன் வளர்த்தது எதற்கென்று ஊருக்கே தெரியும். ஒவ்வொரு இறகும் முளைக்க முளைக்க அதன் நாள் குறையும். டீக்கடையில் இப்ராஹிம் விட மாட்டான். "என்ன மாப்ளே, பயிரு எப்பிடி இருக்கு? களை எடுத்தியா? அறுப்பு எப்ப?" முனியசாமி டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

முதலில் முள் முள்ளாகக் குருத்து வந்தது. நானே பார்த்தேன். பிறகு அது காணாமல் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. சொறி என்றார்கள், பேன் என்றார்கள். பிறவியிலேயே கழுத்தில் இறகு இல்லாத கோழிக்கு நம் பக்கத்தில் கழுத்தறுத்தான் என்று பேர். இப்ராஹிம் கீரிக்கு அந்தப் பேரை வைத்தான். கொஞ்ச நாளில் அது சேவலை விட்டு ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. ஜீப்பு ஸ்டாண்டில், "கழுத்தறுத்தான் வண்டி வந்துருச்சு, ஏறுங்க" என்பார்கள். அவனும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவான்.

பாண்டீஸ்வரி ஒரு நாள் காய் எடை போடுகிற இடத்தில் என் முன்னால் நின்றாள்.

"அய்யா, நீங்க அந்த சாரு கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"என்ன ஆத்தா?"

"அது நோவு இல்லய்யா. இவருதான் புடுங்குறாரு. குருத்து தலகாட்டுனா மடியில போட்டு அமுக்கி ஒண்ணொண்ணாப் புடுங்குறாரு. ரத்தம் வருது. முளச்சாத்தான அறுக்கணும், முளைக்காம இருந்தாப் பொழச்சுக்கிரும்னு சொல்றாரு. அது கத்துறது கேக்க முடியல. முந்தி அவரு சத்தம் கேட்டா ஓடியாரும். இப்ப அவரு கையப் பாத்தா வெறகுக்குள்ள போயி ஒளியுது."

"ராடைத் திருப்பிக் குடுத்துட்டாத் தீந்துச்சு."

அவள் தரையைப் பார்த்தாள். "அது... நாந்தாங்கய்யா கதவ அடச்சேன்."

"தெரியும். வாக்குக் குடுத்தவன் வந்து கேக்கட்டும் ஆத்தா. பொண்டாட்டிய அனுப்புறவனுக்கு நான் பதில் சொல்றதில்ல."

அவள் போய்ச் சொல்லியிருப்பாள். அவன் வரவில்லை. வந்தால் முறிந்ததைச் சொல்ல வேண்டும், களத்தில் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். அதற்கு அவன் இறகைப் பிடுங்குவதே மேல் என்று நினைத்திருக்கிறான். அவன் கணக்கு அது.

மழைக்காலம் முடிகிற சமயம் ஈஸ்வருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கழுத்துகள், விதவிதமான நிறத்தில். பொம்மைக் கடைக்குப் போன பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"அந்த டிரைவர் சேவல் இனிமே வேணாம்" என்றார். "பையில கொடுத்தாரே, அந்த இறகை முள்ளுல சுத்திப் பாத்தேன். ரொம்ப அகலம், தண்ணியில மூழ்கிடுது. ஒண்ணுக்கும் ஆகாது. ராடையும் அவரே வெச்சுக்கட்டும், பழசுதானே. பாத்தா சொல்லிடுங்க."

பாவம், நல்ல மனிதர். அந்தப் பை முழுவதையும் அப்போதே அடுப்பில் போட்டுவிட்டாராம். முடி கருகுகிற நாற்றத்தில் சமையற்காரி திட்டினாளாம், அதைச் சொல்லிச் சிரித்தார்.

பார்த்தால் சொல்ல வேண்டும். பார்க்கத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ராசிங்காபுரத்தில் ஒரு காரியத்துக்குப் போனவன் அவன் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். வாசலில் ஜீப்பு நின்றது. அதன் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முழங்காலுக்கு நடுவில் கீரி. ஒரு கையால் அலகைச் சேர்த்துப் பிடித்திருந்தான், சத்தம் வராதபடி. இன்னொரு கை கழுத்தில் இருந்தது. அந்தக் கழுத்து தோல் தடித்து, புள்ளி புள்ளியாகக் கறுத்து, ஏதோ வேறு பிராணியினுடையது போல இருந்தது. வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே இருந்தான். பிள்ளைக்குத் தலை சீவுகிறவர்கள் அப்படிப் பேசுவார்கள்.

கார்க் கதவுச் சத்தம் கேட்டு எழுந்தான். சேவல் விழுந்தடித்து ஜீப்புக்கு அடியில் ஓடியது. விரல்களை வேட்டியில் துடைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இன்னும் முளைக்கல முதலாளி" என்றான். "தீனியெல்லாம் போடத்தான் செய்யிறேன். சாரு கிட்டச் சொல்லுங்க."

அவன் முகத்தைப் பார்த்தேன். சேவல் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சார் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தால் கூடச் சொல்லியிருப்பேன். நின்று பார்த்தேன், கேட்பான் என்று.

"வேற ஏதாச்சும் சொல்லணுமாடா?"

"ஒண்ணுமில்ல முதலாளி."

"சரி, முளைக்கட்டும்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்ச காலம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பான். நான் காரில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, உள்ளங்கையில் கம்புத் தானியத்தை வைத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் குனிந்து, "வா அப்பு, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சேவல் பின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கையையே பார்த்தது. வரவில்லை.

இந்த மலரை அவன் வாசிக்க மாட்டான். அவனுக்குப் பஸ்சுப் பலகை வாசிக்கிற அளவுக்குத்தான் எழுத்துத் தெரியும். யாராவது வாசித்துக் காட்ட நினைத்தால் காட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நேற்றுக் காலையிலும் ஜீப்பு மலையேறுவதைப் பார்த்தேன். முன் சீட்டு காலியாக இருந்தது. சூப்பர்வைசர் அப்போதும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.