ரம்மித் தட்டும் ரூபிடியம் அணுக்களும்

இன்பராஜ் கோலார் தங்க வயலில் பிறந்தவர். சுரங்கத்துக்குள் ஒரு நாளும் இறங்கியதில்லை. தினமும் ரயிலேறி பெங்களூரு போய், ரூபிடியம் அணுக்களைக் குளிர்விக்கும் ஆய்வுக்கூடத்தில் குழாய், பம்பு பார்ப்பார். சூடான அணுக்களை வெளியேற்றிக்கொண்டே போனால், மிச்சமிருப்பவை உறைகுளிரையும் தாண்டிக் குளிர்ந்து, கடைசியில் ஒரே அணுபோல நடந்துகொள்ளும். அதற்குப் பெயர் கண்டென்சேட்.

"எங்க சர்ச் கமிட்டில எத்தினி பேர வெளிய அனுப்பியும் அப்டி ஆவல," என்பார்.

மூன்று வாரமாக இங்கும் ஆகவில்லை. கண்டென்சேட் சனிக்கிழமை மட்டும் வரும். திங்களன்று காணாமல் போகும். ஆராய்ச்சி மாணவி ஷில்பா அணுக்கள் இருக்கும் வெற்றிடக் கலத்தைத் திறந்து பார்ப்பதென்று முடிவெடுத்தாள். திறந்தால் மறுபடி காற்றை உறிஞ்சி எடுக்க நான்கு மாதம். அவள் ஆய்வேட்டுக்கு மிச்சமிருந்தது மூன்று.

"ஸ்பேனர் குடுங்க."

இன்பராஜ் குனிந்தார். கையிலிருந்த ஸ்பேனர், கலம் நின்ற லேசர் மேசைக்கு அடியிலிருந்த அவர் பையில் போய் ஒட்டிக்கொண்டது.

பைக்குள் ரயில் சிநேகிதர்களோடு சீட்டாடும் இரும்பு ரம்மித் தட்டு. ஜன்னல் காற்றில் சீட்டு பறக்காமலிருக்க, பழைய ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தங்களும் கூடவே. மூன்று வாரமாகத் தட்டுக்குக் காவல் அவர்தான். சனிக்கிழமை மற்றவர்களுக்கு லீவு, ஆட்டமில்லை, தட்டும் வீட்டில்.

அந்த மாதம்தான் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும். ஷில்பா முதல் போல்ட்டுக்குக் கையை நீட்டினாள்.

"மேடம், தொறக்காதீங்க." தட்டை எடுத்து வைத்தார். "காசு வச்சி ஆடறதில்ல மேடம்."

ஷில்பா காந்தங்களைப் பார்த்தாள். "மூணு வாரமா இத என் அணுங்க மேல வச்சிருந்தீங்களா?"

"மேல இல்ல மேடம். கீழ."

தட்டும் காந்தங்களும் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போயின. முக்கால் மணி நேரத்தில் திரையில் கண்டென்சேட்டின் அடையாளமாகக் கூர்மையாக ஒரு சிகரம் எழுந்தது. ஷில்பா நம்பவில்லை, தட்டை உள்ளே கொண்டுவரச் சொன்னாள், சிகரம் கரைந்தது. வெளியே போனதும் மறுபடி வந்தது. இப்படி ஆறு தடவை. மூன்று மாடி. லிஃப்ட் பழுது.

"இன்னா மேடம், எனக்கு தண்டனையா?"

"சயின்ஸ்."

மாலையில் பேராசிரியர் வந்தார். வெளிக் காந்தப்புலம்தான் காரணம் என்றாள் ஷில்பா.

"யார் கண்டுபிடிச்சது?"

"இன்பராஜ், சார்."

பேராசிரியர் அவர் கையைக் குலுக்கி, ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிக்க அப்போதே எழுதிக் கொடுத்தார். காந்தத்தை வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. ஷில்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்பராஜுக்குத் திடீரென்று பம்பில் ஏதோ வேலை இருந்தது.