குக்கருக்குள் போன், அலமாரிக்குள் செருப்பு

எனக்குக் குடி வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, அதுபோல. ஒரு முறை முயன்று பார்த்தேன். ஒரு மூடி அளவு உள்ளே போனதும் விக்கல் பிடித்துக்கொண்டது. மறுநாள் லாண்டரியில் இஸ்திரி போடும்போதும் நிற்கவில்லை. ஒவ்வொரு காலருக்கும் ஒரு விக்கல் விட்டேன். வாசலில் நின்ற பிலிப்பைன்ஸ்காரப் பெண் சிரித்தாள். அன்றோடு விட்டுவிட்டேன்.

துபாயில் மெட்ரோ ரயிலுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த சமயம் அது. கராமாவில் ஒரு பழைய கட்டடத்தில் ஆறு பேர் ஒரே ரூமில் இருந்தோம். கட்டிலுக்கு மேல் கட்டில். எல்லோருக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரூமில் சின்னதாக ஒரு பார்ட்டி நடக்கும். சரக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை. நான் எதையுமே கேட்கிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதுகூட, வாத்தியாரிடம் பேச வேண்டியிருக்கிறதே என்ற பயத்தில்தான். லாண்டரியிலும் ஆட்களோடு பேசுவது முதலாளியின் வேலை. நான் பின்னால் ஆவிக்குள் நிற்பேன்.

பார்ட்டிக்குச் சட்டங்கள் உண்டு. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஒவ்வொரு சட்டமும் யாரோ பட்ட அவமானத்தில் பிறந்தது என்பதால் யாருக்கும் மறக்காது.

சட்டங்களைப் போட்டவர் ரூமிலேயே மூத்தவரான டைப்பிங்காரர். விசாப் படிவங்கள் அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தார். முதல் சட்டம் அவராலேயே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் தன் அரபி முதலாளிக்குப் போன் போட்டு, "நீங்கதான் எனக்கு அப்பா" என்று தமிழிலேயே அழுதார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, மறுநாள் தோளில் தட்டி லீவு கொடுத்தார். யார் இறந்ததாகச் சொல்வது என்று யோசிப்பதிலேயே அந்த லீவு முழுக்கப் போனது. அதன்பின், முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்னால் எல்லோருடைய போனும் பெரிய பிரஷர் குக்கருக்குள் போக வேண்டும். மூடியைப் பூட்டி என் மடியில் வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, செருப்பு. எங்கள் ரூமில் இருந்த பிக்கப் வேன் டிரைவர் ஒரு நாள் தயிர் வாங்கப் போகிறேன் என்று லுங்கியோடு இறங்கிப் போய், மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் நின்று, அறந்தாங்கி பஸ் போய்விட்டதா என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். போலீஸ் கண்ணில் பட்டிருந்தால் ஜெயில், விசா கேன்சல், அப்புறம் நிஜமாகவே அறந்தாங்கிதான். கட்டடத்து வாட்ச்மேனான பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர் அவரைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து, "பாய், இது உங்க ஆள்தானே?" என்று இந்தியில் கேட்டு ஒப்படைத்தார். அதன்பின் பார்ட்டி தொடங்கும்போதே எல்லோர் செருப்பையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை நான் இடுப்பில் செருகிக்கொள்வேன். செருப்பில்லாமல் துபாய் வெயிலில் எவனும் ரோட்டில் இறங்க மாட்டான்.

மூன்றாவது, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் குடி. நான்காவது, வேண்டாம் என்றவனை இன்னொரு முறை கேட்கக் கூடாது, "சும்மா ஒரு வாய்" என்று வற்புறுத்தவே கூடாது. இது என் விக்கலால் வந்த சட்டம். ஐந்தாவதை எதிர் ஃபிளாட் மலையாளி சொன்னார். அவருக்கு ஆஸ்பத்திரி வேலை. குடித்துவிட்டுத் தூங்குகிறவனை மல்லாந்து படுக்க விடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை கொடுங்கள், ஒரு ஆள் விழித்திருங்கள் என்றார். அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். நாங்களும் அன்று சிரிக்கவில்லை.

விழித்திருக்கும் ஆள் நான். அதற்கு டூட்டி என்று பெயர்.

டூட்டியில் ஒரே ஒரு கஷ்டம், போன். குக்கருக்குள் போன் அடித்தால் நான்தான் எடுத்து, "குளிக்கிறாரு" என்று சொல்ல வேண்டும். அதுவும் ஊரிலிருந்து பெண்கள் பேசினால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். கல்ஃபில் இருக்கும் தமிழர்கள் வெள்ளிக்கிழமை மதியம் முழுக்கக் குளித்துக்கொண்டே இருப்பார்கள் என்று பல வீடுகளில் நினைத்திருப்பார்கள். டிரைவரின் மனைவி ஒரு தடவை, "ஏண்ணே, போன வாரம் போன ஆளு இன்னும் வெளிய வரலியா?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் எங்கள் ரூமின் ஏசி மெக்கானிக்குக் கல்யாணம் நிச்சயமானது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். போட்டோவில் பார்த்த பெண்ணை அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அந்த போட்டோவை ஏசியின் முன்னால் ஒட்டி, காற்று முதலில் அவள்மேல் பட்டுவிட்டுத்தான் எங்களுக்கு வர வேண்டும் என்று வைத்திருந்தான். ஆனால் கல்யாணத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தரகர் பெண் வீட்டில், "மாப்பிள்ளை டீ கூடக் குடிக்க மாட்டார்" என்று அளந்துவிட்டிருந்தார். பெண்ணின் அப்பா குடித்தே குடும்பத்தைப் பாடாய்ப் படுத்தியவராம். அதனால் பெண்ணின் அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். ஷார்ஜாவில் ஃபோர்மேனாக இருக்கும் தன் தம்பி, மாப்பிள்ளையை நேரில் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் தாலி.

"அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லிருக்காரு. இந்த வெள்ளிக்கிழமையோட நான் நிறுத்திடுறேண்ணே" என்றான் அவன்.

"நிறுத்துறதுக்கு ஒரு பார்ட்டியா?" என்றார் டைப்பிங்காரர்.

"கடைசி பார்ட்டிண்ணே."

பிரியாணி சாப்பிட்டோம். போன்கள் குக்கருக்குள் போயின. செருப்புகள் அலமாரிக்குள் போயின. பார்ட்டி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. குக்கருக்குள் மாப்பிள்ளையின் போன் அடித்தது. திறந்து பார்த்தேன். தெரியாத உள்ளூர் நம்பர். ஊர் நம்பர் இல்லையே என்ற நிம்மதியில் மூடிவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடி மூடினேன். சற்று நேரத்தில் வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் பெரிய மீசையோடு ஒருத்தர். கையில் ஆப்பிள் பை.

"நான் பொண்ணோட மாமா. இந்த வாரமே வேலை இல்லாமப் போச்சு. வரட்டுமான்னு கேக்க போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், மாப்பிள்ளை எடுக்கல. இருக்காரா?"

என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "குளிக்கிறாரு."

உள்ளே மாப்பிள்ளை பாடும் சத்தம் கேட்டது. குளிக்கிறவன் பாடலாம், தப்பில்லை. ஆனால் பாத்ரூம் வாசலுக்கு நேரே இருந்தது, கதவு அகலத் திறந்து கிடந்தது, உள்ளே வாளி மட்டும் இருந்தது.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். அவரைப் பார்த்ததும் பாட்டு பாதியில் நின்றது. மாப்பிள்ளை கிளாஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரே தாவலில் மேல் கட்டிலில் ஏறிப் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டான். அது அவன் கட்டில் இல்லை. அங்கே ஏற்கெனவே ஒருத்தர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். "யாருடா அது?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டது.

மாமா உட்கார்ந்தார். பாட்டிலைப் பார்த்தார். ஏசியில் ஒட்டியிருந்த அக்கா மகள் போட்டோவைப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். மடியில் குக்கரோடு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான்.

"நீங்க குடிக்கலியா?"

"இல்லைங்க. எனக்கு டூட்டி."

"என்ன டூட்டி? சமையலா?"

வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. குக்கர், செருப்பு, பிரியாணி, தலையணை எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டே வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என் செருப்பைக் காணோமே?"

இடுப்புச் சாவியைத் தொட்டேன். அவர் கழற்றிய கையோடு எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"என்னுதையுமாய்யா?" என்றார். மீசை லேசாக ஆடியது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. டைப்பிங்காரர் எழுந்து, "விருந்தாளிக்கு... ஏதாச்சும் எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"சேச்சே, வேணாம்."

"சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

மாமா மீசையை நீவினார். விட்டத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். நம் ஊரில் விருந்தாளி முதலில் வேண்டாம் என்பார், நாம் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், பிறகுதான் அவர் சம்மதிப்பார். அந்த முறை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான்காவது சட்டம் இருக்கிறதே. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏய்யா," என்று கடைசியில் அவரே வெடித்தார், "ஒரு மனுஷன் வேணாம்னா, இன்னொரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"அதுக்கு ரூல் இல்லீங்க மாமா" என்றது மேல் கட்டில் போர்வை.

அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அதன்பின் சட்டப்படியே நடந்தது. முதலில் பிரியாணி சாப்பிட வைத்தோம். தன் போனைத் தானே குக்கருக்குள் போட்டார். மாப்பிள்ளை இறங்கி வந்து எதிரில் கைகட்டி நின்றான். "உக்காருய்யா, நின்னா மட்டும் வாசனை போயிருமா?" என்றார்.

எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் குக்கருக்குள் மாமாவின் போன் அடித்தது. ஊர் நம்பர்.

"அய்யோ, எங்கக்கா" என்றார் மாமா. நாக்கு லேசாகத் தடித்திருந்தது. "பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லிருந்தேன். நீங்களே எடுங்க. குளிக்கிறேன்னு சொல்லிருங்க."

மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் இறங்கிவிட்டது. உள்ளங்கை வேர்வையில் போன் வழுக்கியது.

"தம்பி, பாத்தியாடா?" என்றது பெண் குரல்.

"அவரு... குளிக்கிறாருங்க."

"நீங்க யாரு?"

"மாப்பிள்ளை ரூமுங்க."

"மாப்பிள்ளை ரூமுக்குப் போயி என் தம்பி எதுக்குக் குளிக்கிறான்? அவன் வீட்டுலயே ஒழுங்கா குளிக்க மாட்டானே?"

இதற்கு எங்களிடம் சட்டம் எதுவும் இல்லை.

"ஐ.எஸ்.டி. பூத்துல நிக்கிறேன். மீட்டர் ஓடுது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மாப்பிள்ளை குடிப்பாரா?"

பொய் சொல்லத் தைரியம் வேண்டும். எனக்கு அது இல்லை. "குடிப்பாரும்மா" என்றேன். யாரோ ஐயோ என்றார்கள். "வெள்ளிக்கிழமை மட்டும். சாப்பிட்டுட்டுதான். செருப்பை என்கிட்ட குடுத்துருவாரு. வெளிய போக மாட்டாரு."

அந்தப் பக்கம் மீட்டர் மட்டும் ஓடியிருக்கும்.

"குடிச்சா கை நீட்டுவாரா?" குரல் மாறியிருந்தது. இதற்காகத்தான் அந்த அம்மா பூத்துக்கு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்லம்மா. ஏசியைக் கழட்டுவாரு."

"என்னத்தை?"

"ரூம் ஏசியைக் கழட்டி, உள்ள இருக்க வலையை எடுத்து சோப்புப் போட்டுக் கழுவுவாரு. பாடிக்கிட்டே கழுவுவாரு. வேற ஒண்ணும் செய்ய மாட்டாரு. நான் எல்லா வாரமும் பக்கத்துலயே இருக்கேன், பாத்திருக்கேன்."

"திருப்பி மாட்டிருவாரா?"

"மாட்டிருவாரும்மா. ஆனா மறுநாள்."

ஏதோ சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். இல்லை, சிரிப்புதான். பக்கத்தில் இன்னொரு இளம் குரலும் சிரித்தது. போட்டோவில் இருக்கும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

"தரகரு டீ கூடக் குடிக்க மாட்டாருன்னு சொன்னப்பவே எனக்கு சந்தேகம்" என்றார் அந்த அம்மா. "நீங்க ஒருத்தருதான் உள்ளதைச் சொன்னீங்க. ஆமா, என் தம்பி செருப்பு எங்க?"

"அதுவும் என்கிட்டதாம்மா இருக்கு."

"நெனச்சேன். சாயந்திரம் வரைக்கும் குடுத்துறாதீங்க" என்று வைத்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. லீவு கிடைக்காததால் நான் போகவில்லை. மாப்பிள்ளை லீவு முடிந்து திரும்பி வந்தான், கடைசி பார்ட்டி என்று சொன்னதை மறந்தான். மாமாவும் சில வெள்ளிக்கிழமைகளில் வருவார். வாசலிலேயே செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவார்.

மதியம் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் குக்கருக்குள் மாப்பிள்ளையின் போனில் ஊரிலிருந்து அவன் மனைவியின் மிஸ்டு கால் வரும். நான் எடுத்துத் திருப்பிக் கூப்பிடுவேன். எப்போதிருந்து என்று தெரியவில்லை, எனக்கு உள்ளங்கை வேர்ப்பது நின்றுபோயிருந்தது.

"அண்ணே, குளிக்கிறாரா?" என்பாள் அந்தப் பெண்.

"இல்லம்மா, கழுவுறாரு" என்பேன்.