ஜூடி பார்த்த வரையாடு

ராஜபாளையத்தில் பதினெட்டு வருடம் நூற்பாலை வேலை பார்த்த ஜூடி, ஆலை மூடியபின் சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். முதல் பயணமே இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுவதற்குள் மைக் நின்றுபோனது.

"ஒண்ணுமே கேக்கலம்மா!" என்றார் கடைசி வரிசையில் இருந்த பிரேம்குமார்.

ஜூடி குரலை உயர்த்தினார். "மெஷின் சத்தத்துலயே பேசிப் பழகுன தொண்டை அண்ணாச்சி. இப்பக் கேக்குதா?"

பஸ்ஸே சிரித்தது.

மறுநாள் காலை பூங்காவில் ஒரே மூடுபனி. வரையாட்டைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு நடந்தவர் சட்டென நின்றார். பாறைமேல் குட்டியோடு ஒரு வரையாடு.

"நானும் இப்பத்தான் மொத தடவ பாக்கேன்," என்றார், கண் கலங்க.

யாரும் முகம் சுளிக்கவில்லை. நகர்ந்து, முன்னால் நின்று பார்க்க அவருக்கு இடம் விட்டார்கள்.

ஊர் திரும்பி இறங்கும்போது பிரேம்குமார் கேட்டார்: "அடுத்த மாசம் முதுமலைக்கும் நீங்கதான வாரிய?"

"வாரேன் அண்ணாச்சி," என்றார் ஜூடி.