பூங்கொடியின் பின்சக்கரம்

இல்லை, தவறான பக்கத்தில் வந்தது அவர் அல்ல. லாரி. இதைச் சாவு வீட்டிலேயே பலமுறை சொல்லிவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன்.

செய்தி காலை ஏழு மணிக்கு எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. திருச்செங்கோடு சாலை. எதிர்த்திசையில் ஏறிவந்த லாரி. பூங்கொடி அக்கா. நான் அப்போது டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அடித்து முடித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அவர் வீட்டு வாசலில் ஒருவர் கேட்டார்: "பொம்பளப் புள்ளைக்குக் காலங்காத்தால பைபாஸ்ல என்னங்க சைக்கிளு?"

"லாரிக்கு ராங் சைடுல என்னங்க வேலை?" என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

மறுநாள் செய்தித்தாளில், சைக்கிளில் சென்ற பெண் பலி. பதினைந்து ஆண்டுகள் பந்தயம் ஓட்டியவர் அவர்களுக்கு வெறும் பெண். கடைசி வரி: பதக்கம் ஏதும் வென்றதில்லை, கடைசியாகக் கலந்துகொண்ட மாநிலப் போட்டியை முடிக்கவில்லை.

முடிக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குழுவில் அவரோடு ஓட்டிய உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாலைப் பந்தயத்தில் யாரும் தனியாக ஜெயிப்பதில்லை. அணியில் ஒருவர் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தன்மேல் வாங்கிக்கொள்வார். அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்குக் காலில் பலம் மிஞ்சும். கடைசியில் பாய்வது பின்னால் வந்தவர். எங்கள் அணியில் காற்றை வாங்கியவர் பூங்கொடி. பாய்ந்தது நான்.

அக்கா போனில் பிரான்ஸ் சைக்கிள் பந்தயங்கள் பார்ப்பார். அவருக்குப் பிடித்தவர், அணித்தலைவருக்குத் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மலையேறும் ஒரு பிரெஞ்சுக்காரர். ஓய்வுபெறும் வரை அதையே செய்தவர்.

"இந்தாளு ஒண்ணுகூட ஜெயிக்கலீங்களேக்கா," என்றேன்.

"அந்த ஊர்ல இதுக்கு வேலைன்னு பேரு. நம்மூர்ல தோல்விம்பாங்க. பாத்துக்க."

அந்த மாநிலப் போட்டி மோகனூர் சாலையில் நடந்தது. கரும்பு வயல்களைத் தாண்டியதும் என் பின்சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரங்களோடு வரும் உதவி வண்டி, முன்னால் ஓட்டிய முன்குழுவோடு போய்விட்டிருந்தது. நான் திட்டிக்கொண்டே இறங்குவதற்குள் அக்கா தன் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டார்.

"அக்கா, உங்களுக்கு?"

"எனக்கென்ன. புளியமரம் இருக்குது, நெழல் இருக்குது. வாயப் பாத்துட்டு நிக்காத. போ சாமி!"

போனேன். முன்குழுவை எட்டிப் பிடித்தேன். ஜெயித்தேன். மேடையில் ஒருவர் மைக்கை நீட்டி, யாருக்கு நன்றி சொல்வீர்கள் என்றார். அம்மா, அப்பா, பயிற்சியாளர் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அக்கா அப்போதுதான் பின்னால் வந்த வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ற சக்கரம் மொதல்ல வந்துருச்சாமே? அப்ப நானும் பாதி ஜெயிச்சுட்டேன்," என்று சிரித்தார். சக்கரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் மாவட்ட சைக்கிள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் பேசினார். "கடுமையாக முயன்றார், வெற்றிதான் கிட்டவில்லை." கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அக்காவின் அம்மா திரும்பி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என்ற புள்ள தோத்துத்தான் போனாளா சாமி?"

எழுந்து மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். அழுதேன். அழுகை வசதியானது. பதில் சொல்ல வேண்டியதில்லை.

செய்தித்தாளின் மீதும் சங்கத்தின் மீதும் எனக்கு இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அக்காவின் அம்மா முன்னால் வைத்து, பந்தயத்தை முதலிலிருந்து சொன்னேன். அவர் விரலால் சக்கரத்தைச் சுழற்றினார். அது கோணாமல் வெகுநேரம் சுற்றியது.

"இது உன்ற வண்டியிலயே ஓடட்டும்," என்றார். பிறகு, "அந்த மரத்தடியில எத்தன நேரம் உக்காந்திருந்தா?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பின்சக்கரமும், நான் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியும்.

மறுநாள் காலை அந்தச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு மோகனூர் சாலைக்குப் போனேன். புளியமரத்தைக் கண்டுபிடித்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அன்று அங்கிருந்து நான் ஓட்டி முடிக்க ஆன நேரம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன்.