ரோஸ்லெட் வீட்டுப் படிவம்

பாறசாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது. அமரவிளையில் லாரி மோதி ரோஸ்லெட் இறந்துபோனாள். “எத்தனை ஹாரன் அடிச்சும் அவ திரும்பல்லைண்ணு டிரைவர் சொல்லுகான்” என்றான் கூட வேலை பார்க்கும் ஸ்டீபன். மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பில் அவளோடு வீடுவீடாக ஏறி இறங்கிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

காஞ்சிரங்குளத்தில் ஒரு வீட்டுக்கு அவளோடு நானும் போயிருந்தேன். மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இங்க அப்படி ஆரும் இல்லை” என்று கேட்டிலேயே மறித்தார் தகப்பன். நானாக இருந்தால் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். ரோஸ்லெட் தண்ணீர் கேட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். தாயிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “இந்த வீட்டுல ஆரை ஆரு குளிப்பாட்டுது?” அந்த அம்மாள் உடைந்து அழுதாள். பின்னறையில் படுத்த படுக்கையாக இளைய மகள் இருந்தாள்.

“வாசல்ல நிண்ணு கேட்டா, வாசல் வரை நடந்து வாறவங்க மட்டுந்தான் கணக்குல வருவாங்க மக்கா” என்று திரும்பும் வழியில் சொன்னாள்.

உன் வார்டில் மட்டும் எப்படி இத்தனை பேர், குறைத்துக் கொண்டு வா என்று அதிகாரி அவள் படிவங்களைத் திருப்பித் தள்ளினார். எங்கள் வார்டுகளில் ஏன் இத்தனை குறைவு என்று அவர் கேட்கவில்லை. “ஆரை வெட்டணும்ணு நீங்களே பேரு சொல்லுங்க சார்” என்றாள். நாங்கள் தலையைக் குனிந்து வடை தின்றுகொண்டிருந்தோம். வெட்கங்கெட்ட கூட்டம்!

எதையும் இரண்டு முறை கேட்பாள். பேசுகிறவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். என்ன பொறுமை, என்ன அக்கறை என்று நாம் மெச்சினோமே, நினைவிருக்கிறதா?

அடக்கம் முடிந்ததும் அவள் மகள் என்னிடம் வந்தாள். “அம்மைக்கு ரெண்டு வருஷமா காது கேக்காது மாமா. வாயைப் பாத்துத்தான் பேசும். வேலை போயிருமோண்ணு ஆபீசுல சொல்லல்லை. கணக்கெழுத மாமா நம்ம வீட்டுக்கு வருவாரு, அப்பச் சொல்லலாம்ணு இருந்துது. நீங்க வரல்ல.”

அவள் வீடு இருந்தது என் வார்டில். நான் போகவில்லை. நம்ம ரோஸ்லெட் வீடுதானே, நமக்குத் தெரியாததா என்று சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே நிரப்பினேன். காது கேட்கும் கருவிக்கான பட்டியலை அந்தப் படிவங்களைப் பார்த்துத்தான் தயாரித்தார்கள். அதில் அவள் பெயர் எப்படி இருக்கும்?

அதிகாரியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் குறைக்கத்தான் சொன்னார். நான் குறைத்தே விட்டேன்.

காஞ்சிரங்குளத்தில் அவள் கேட்ட அந்தக் கேள்வியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிச்சம், அவள் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் கிடக்கும் ‘இல்லை’.